இலண்டன் மாநகரின் சிறு நூதனசாலைகள்

கொழும்பு நூதனசாலைக்கு மாணாக்கரை அழைத்துச் சென்ற ஆசிரியர் பலரும் அறிந்த அநுபவம் ஒன்றுண்டு. கண்டியரசரின் சிம்மாசனத்தின் முன்னே நிற்கும்போது பெரியோர் அதன் காலத்தையும் வேலைப்பாட்டையும் வினவுவர். சிறுவரோ, ‘இஃது இங்கே எப்படி வந்தது?’ என்று வினவுவர். விடை எளிதன்று. 1815ஆம் ஆண்டிற் கண்டி வீழ்ந்தபின் அச்சிம்மாசனம் இங்கிலாந்து சென்றது. நூறாண்டுக்கு மேல் அங்கிருந்து 1934ஆம் ஆண்டில் மீண்டது. ஆகவே அதன் வரலாற்றிற் பாதி, எவர் கையினின்று எவர் கைக்குச் சென்றது என்னும் வரலாறேயாகும். நூதனசாலை எதனுட் புகினும் சிறுவரின் அவ்வினாவை மறவாது கொண்டு செல்லல் வேண்டும் என்பதை, இலண்டன் மாநகரின் சிறு நூதனசாலைகள் நான்கினைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

இலண்டன் சென்று மீள்வோர் எம்மவருட் பலர். அவர் முதலில் நாடுவது பிரித்தானிய நூதனசாலையையே. அங்கே எமது நாட்டவரைத் தடுத்து நிறுத்தும் வடிவம் ஒன்றுண்டு. அது திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கீழ்க்கரையிற் கண்டெடுக்கப்பட்ட, பொன்முலாம் பூசிய தாரா தேவியின் வெண்கலப் படிமம். ஏறக்குறைய ஓராளின் உயரமுடையது. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். அதனை 1830ஆம் ஆண்டில் வழங்கியவர், முன்னர் இலங்கைத் தேசாதிபதியாக விளங்கிய சேர் றொபேட் பிறௌன்றிக் என்பார். அவர் வழங்கினார் என்பது தெளிவு. வழங்கும் உரிமை எவருடையது என்பதன்றோ வினா? ஆயினும் அப்பெருமாளிகையிற் பல்லாயிரம் பொருள்களின் நடுவே இவ்வினா எளிதில் மறைந்துபோம். கண் சோர, கால் கடுக்க, மனம் மயங்கித் திரும்புவோரே பலர். சிறு நூதனசாலையிலோ அவ்வினா மறைவதற்கு இடமில்லை. இனி அவை நான்கினையும் முறையே நோக்குவாம்.

முதலாவது, இலிங்கன்ஸ் இன் பீல்ட்ஸ் என்னும் சதுக்கத்தின் வடபுறத்தேயுள்ள சேர் யோன் சோன் நூதனசாலை. சோன் (1753–1837) கொத்தர் ஒருவரின் மகனாகப் பிறந்து, இங்கிலாந்து வங்கியின் கட்டடக்கலைஞராக உயர்ந்தவர். தாம் வாழ்ந்த இல்லத்தையே சிற்பங்களாலும் ஓவியங்களாலும் கட்டடத் துண்டங்களாலும் நிறைத்தார். அங்குள்ள ஓவிய அறை மிகச் சிறியது. ஆயினும் அதனுள் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அடங்கியுள்ளன. சுவர்கள் கதவுபோற் கீல் பொருத்தப்பெற்றுத் திறக்கின்றன. ஒரு சுவரின் பின்னே மற்றொரு சுவர், அதன்மீதும் படங்கள். ஊதாரி ஒருவனின் வீழ்ச்சியை எட்டுப் படங்களில் ஹோகாத் தீட்டிய புகழ்பெற்ற வரிசையும் அங்கேதான் உள்ளது. நிலவறையில் எகிப்திய மன்னன் முதலாம் சேத்தியின் வெண்கற் பிரேதப்பேழை வைக்கப்பட்டிருக்கின்றது. 1817ஆம் ஆண்டிற் பெல்சோனி கண்ட கல்லறையைச் சார்ந்த அதனை, 2,000 பவுண் விலை மிகுதியென்று பிரித்தானிய நூதனசாலையார் மறுத்தனர். 1824ஆம் ஆண்டிற் சோன் அவ்விலைக்கே வாங்கினார்.

இவ்வில்லம் பொதுச்சொத்தான வரலாறு இன்பமானதன்று. சோனின் மகன் ஜோர்ஜ் என்பான், தந்தையின் கட்டடங்களை இகழ்ந்து 1815ஆம் ஆண்டிற் பெயர் வெளியிடாது பத்திரிகையில் எழுதினான். எழுதியவன் மகனே என்று தாய் அறிந்தாள். அவ்வாண்டு முடிவதற்குள் அவள் இறந்தாள். அக்கட்டுரைகளே அவளைக் கொன்றன என்று சோன் நம்பினார். அவற்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியும் வைத்தார். 1833ஆம் ஆண்டில் அவர் பெற்ற பாராளுமன்றச் சட்டம் ஒன்று, தமக்குப்பின் அவ்வில்லமும் பொருள்களும் இயன்றவரை வைத்தது வைத்தபடியே பொதுமக்களுக்கு உரியவாதல் வேண்டும் என விதித்தது. மகனின் உரிமையும் அதனோடு ஒழிந்தது. இன்று கட்டணமின்றி அவ்வில்லத்தைக் காண்போர், ஒரு குடும்பத்தின் பிளவினால் விளைந்த பயனைத் துய்க்கின்றனர். எனினும், சோன் தம் இல்லத்தைத் தாமே மனமுவந்து ஈந்தார் என்பதில் ஐயமில்லை.

அதே சதுக்கத்தைக் குறுக்கே கடந்து தென்புறம் சென்றால், வேறோர் உலகம். அங்கே அரச சத்திரவைத்தியர் கல்லூரியில் ஹண்டர் நூதனசாலை அமைந்துள்ளது. யோன் ஹண்டர் (1728–1793) சத்திரவைத்தியத்தை வெறுங் கைத்தொழில் என்னும் நிலையினின்று அறிவியலாக உயர்த்தியவருள் முதன்மையானவர். மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் உறுப்புக்களை ஏறக்குறைய 14,000 மாதிரிகளாக அவர் திரட்டினார். 1799ஆம் ஆண்டில் அரசாங்கம் அவற்றை 15,000 பவுணுக்கு வாங்கிச் சத்திரவைத்தியர் சங்கத்திடம் ஒப்புவித்தது. 1941ஆம் ஆண்டு மே மாதத்திற் குண்டு வீழ்ந்து பெரும்பகுதி அழிந்தது. சென்னை எழும்பூர் நூதனசாலையைப் பாமரர் முன்னாளிற் ‘செத்த காலேஜ்’ என்று வழங்கினர். அப்பெயர் இதற்கே பெரிதும் பொருந்தும்.

இந்நூதனசாலையில் இருநூறாண்டுகளுக்கு மேலாக எல்லோரும் தேடிச் சென்று பார்த்தது ஓர் என்புக்கூடு. அயர்லாந்திற் பிறந்த சாள்ஸ் பேண் என்னும் இளைஞனுடையது அது. ஏழடி ஏழங்குல உயரமுடைய அவன், இலண்டனுக்கு வந்து தன்னையே காட்சிப்பொருளாக்கிப் பிழைத்தான். 1783ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதில், இறந்தான். சத்திரவைத்தியர் தன் உடலை நாடிக் காத்திருந்தனர் என்பதை அவன் அறிவான். ஆதலால் தன்னை ஈயப்பேழையில் இட்டுக் கடலில் ஆழ்த்துமாறு நண்பரை வேண்டினான். ஆயினும் ஹண்டர் பொருள் கொடுத்து அவ்வுடலைப் பெற்றுக்கொண்டார் என்பர்.

இதனாற் பயன் விளையவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1909ஆம் ஆண்டில் அவன் மண்டையோட்டை ஆராய்ந்தோர், மூளையின் அடிப்புறத்தேயுள்ள கபச்சுரப்பியின் வீக்கமே அவ்வளர்ச்சிக்குக் காரணம் எனக் கண்டனர். 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவன் பல்லினின்று பெற்ற மரபணுவைக் கொண்டு, அதே குறைபாடு வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் உண்டென்று நிறுவியது. அக்குடும்பத்துப் பிள்ளைகளை முன்னரே சோதித்து மருத்துவம் செய்தற்கு இது துணையாயிற்று. எனவே இறந்தவனின் விருப்பம் ஒருபுறமும் வாழ்வோரின் நலம் ஒருபுறமுமாகத் தராசு அசைகின்றது. ஈமக்கடனைப் பிள்ளையின் முதற்கடனாக எண்ணும் எமது சமூகத்தார் இதனை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. பல்லாண்டு விவாதத்தின்பின், 2023ஆம் ஆண்டில் நூதனசாலை புதுப்பிக்கப்பெற்றுத் திறக்கப்பட்டபோது அவ்வென்புக்கூடு காட்சியினின்று அகற்றப்பட்டது. ஆனால் ஆய்வின்பொருட்டுக் கல்லூரியாரிடமே இருக்கின்றது. கடலோ அவனுக்கு இன்னுங் கிட்டவில்லை. பறிக்கப்பட்ட பொருளுக்கு இது சான்று.

மூன்றாவதான நூதனசாலை, அங்கிருந்து வடக்கே நடைதூரத்தில் உள்ளது. பிறன்ஸ்விக் சதுக்கத்தேயுள்ள அது, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென எழுந்த இல்லத்தின் வரலாற்றைக் கூறுவது. கப்பற்றலைவராயிருந்த தோமஸ் கோரம், வீதியோரத்தில் எறியப்பட்ட சிசுக்களைக் கண்டு மனம் வெந்து, பதினேழாண்டு முயன்று 1739ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றார். மேற்கூறிய ஹோகாத் அவருக்குத் தம் ஓவியங்களால் உதவினார்; ஹாண்டல் என்னும் இசைப்பேரறிஞர் 1750ஆம் ஆண்டு முதலாகத் தம் ‘மெசையா’ இசையை அங்கு நிகழ்த்திப் பொருள் திரட்டினார். கொண்டுவரப்பட்ட குழந்தைகளோ இடத்தினும் பலர். ஆதலால் தாயர் பையினுட் கைவிட்டு ஒரு குண்டை எடுத்தல் வேண்டும். வெண்மையாயின் குழந்தை நோயற்றதெனின் ஏற்கப்படும். செம்மையாயின் காத்திருத்தல் வேண்டும். கருமையாயின் குழந்தையோடு திரும்புதல் வேண்டும்.

ஏற்கப்பட்ட குழந்தைக்குப் புதுப்பெயர் இடப்படும். பின்னொருநாள் நிலை திருந்தினால் தன் பிள்ளையை இனங்காண்பதற்காகத் தாய் ஓர் அடையாளப் பொருளை விட்டுச்செல்வாள். தேய்ந்த நாணயம், பொத்தான், மோதிரம், பருப்பற்ற கொட்டையின் ஓடு ஆகிய இவையே அவள் செல்வம். சிலர் துணித்துண்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியைத் தாம் வைத்துக்கொண்டனர். 1741 முதல் 1760 வரை ஏற்கப்பட்ட குழந்தைகள் 16,282. பெற்றோர் மீண்டு வந்து பெற்றுச் சென்றவர் 152 பேரே.

இங்கும் ஒரு தவறு நேர்ந்தது. 1860களில் இல்லத்தின் பொறுப்பாளர், மக்கள் கண்டு இரங்கட்டும் என்னும் நல்லெண்ணத்தோடு, அடையாளப் பொருள்களைப் பதிவுத்தாள்களினின்று பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தனர். எப்பொருள் எக்குழந்தையுடையது என்னும் தொடர்பு அன்றே அறுந்தது. ஆராய்ச்சியாளர் பின்னர் பழைய தாள்களைத் துருவிச் சிலவற்றையே மீண்டும் பொருத்தினர். ஒரு பொருளைக் காத்தும் அதன் பொருளை இழத்தல் கூடும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்றில்லை.

நான்காவது, தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், இலண்டன் பாலப் புகையிரத நிலையத்தை அடுத்து, தூய தோமையார் தேவாலயத்தின் கூரைப்பரணில் அமைந்த பழைய சத்திரசிகிச்சைக்கூடம். ஒடுங்கிய சுழற்படியில் ஏறியே அதனை அடைதல் வேண்டும். 1822ஆம் ஆண்டில், அருகேயிருந்த பெண்கள் நோயாளர் பகுதியோடு இணைத்து அது கட்டப்பெற்றது. நடுவே மரமேசை, அதனடியிற் குருதியை ஏற்க மரத்தூட்பெட்டி, சுற்றிலும் மாணாக்கர் நின்று நோக்கும் படிவரிசை. மயக்கமருந்து 1846ஆம் ஆண்டிலேயே இலண்டனுக்கு வந்தது; அதுவரை நோயாளி விழித்தபடியே வெட்டுண்டாள். வறியோரே அங்கு கிடத்தப்பட்டனர். செல்வருக்கு அவர்தம் இல்லத்திலேயே சிகிச்சை நடந்தது. 1862ஆம் ஆண்டில் வைத்தியசாலை இடம் பெயர்ந்தபோது வாயில் அடைக்கப்பட்டது, கூடம் மறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டில் றேமண்ட் றசல் என்பார் ஏணி வைத்து ஏறிப் பார்த்து அதனைக் கண்டார். 1962ஆம் ஆண்டில் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. எவரும் காக்க எண்ணாமையாற் காக்கப்பட்டது இது.

முதலிரண்டு நூதனசாலைகளும் கட்டணமற்றவை. பின்னிரண்டிற்குங் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நாள்கள் வேறுபடுதலின் முன்னரே வினவிச் செல்லுதல் நன்று. காலையிற் சோன், ஹண்டர் நூதனசாலைகளைக் கண்டு, நண்பகலிற் குழந்தைகள் இல்லத்தையும், மாலைக்கு முன் ஆற்றைக் கடந்து பரணையும் காணலாம். ஒருநாள் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் முன்னேயாவது நெடிது நிற்றல் வேண்டும்.

ஆக, ஈந்த பொருள், பறித்த பொருள், அடையாளமாக விட்ட பொருள், மறந்த பொருள் என நூதனசாலைப் பொருள்கள் நால்வகைப்படும். ஒவ்வொன்றையும் வேறு மனநிலையோடு நோக்குதலே கற்றோர்க்கு அழகு. எம்மவர்க்கும் இதிற் படிப்பினை உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஈடுசெய்யவியலாத ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. எஞ்சியவை இல்லங்களிலே பெட்டிகளிற் கிடக்கின்றன. பாட்டியின் பாக்குவெட்டி, பாட்டனின் ஏடு, இடம்பெயர்ந்த காலத்திற் கையிலெடுத்து ஓடிய ஒற்றைப் பாத்திரம் ஆகியவற்றை வைத்திருப்போர், அஃது எவருடையது, எவ்வாறு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வைப்பாராக. நாளை ஒரு சிறுவன் அதன் முன்னே நின்று, ‘இஃது இங்கே எப்படி வந்தது?’ என்று வினவுவான். அவனுக்கு விடை கூற நாம் அப்போது இரோம்.