ஆபிரிக்காக் கண்டமும் அதன் பிரிவுகளும்

கண்டங்களுள் ஆசியாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது ஆபிரிக்கா. அதன் பரப்பு ஏறத்தாழ 3 கோடி 3 இலட்சம் சதுர கிலோமீற்றர். உலக நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்கு. இலங்கையைப் போன்ற நானூற்றறுபது தீவுகளை அதனுள் அடக்கலாம். எனினும், பாடசாலைச் சுவர்களிற் பெரிதும் காணப்படும் மேர்க்கேற்றர் எறியப் படத்திலே கிறீன்லாந்துத் தீவு ஆபிரிக்காவுக்கு நிகரானது போலத் தோன்றும். உண்மையில் ஆபிரிக்கா கிறீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு பெரியது. துருவங்களை நெருங்குந்தோறும் நிலத்தைப் பெருப்பித்துக் காட்டுவது அவ்வெறியத்தின் இயல்பாதலின், மத்தியகோட்டின் இருமருங்கும் கிடக்கும் ஆபிரிக்கா அதன்கண் சிறுத்துத் தோன்றுகின்றது. படத்திற் காண்பவற்றை ஆராயாது ஏற்றுக்கொள்ளலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று. அக்கண்டத்தைப் பிரித்துக் காட்டும் கோடுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

இயற்கை ஆபிரிக்காவைப் பெரும்பாலும் கிழக்கு மேற்கான வலயங்களாகப் பிரித்தது. ஐரோப்பிய வல்லரசுகள் தம் வசதிக்கேற்ப வேறு வகையாகப் பிரித்தன. இவ்விருவகைப் பிரிவுகளும் ஒன்றையொன்று குறுக்கறுப்பதனை உணர்ந்தார்க்கே இன்றைய ஆபிரிக்காவின் சிக்கல்கள் பல தெளிவாகும்.

நில அமைப்பு

ஆபிரிக்கா ஒரு மாபெரும் மேட்டுநிலம். மிகப் பழைய பாறைகளாலான அம்மேட்டுநிலத்தில் இமயத்தையோ அந்தீசையோ ஒத்த நெடிய மலைத்தொடர் இல்லை. வடமேற்கு மூலையிலுள்ள அத்திலசு மலைகளே குறிப்பிடத்தக்க இளம் மடிப்பு மலைகள். அங்கோலாக் கரையிலிருந்து செங்கடற் கரைவரை ஒரு கோட்டை வரைந்தால், கண்டம் இரண்டாகப் பிரியும். கோட்டுக்குத் தென்கிழக்கே கிடப்பது உயர் ஆபிரிக்கா. அதன் பெரும்பகுதி 1000 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையது. வடமேற்கே கிடப்பது தாழ் ஆபிரிக்கா. அதன் பெரும்பகுதி 600 மீற்றருக்குக் குறைந்தது.

உயர் ஆபிரிக்காவின் சிறப்பு அதன் பிளவுப் பள்ளத்தாக்காகும். செங்கடலின் தென்முனையிலிருந்து மொசாம்பிக்குவரை நிலம் பிளந்து தாழ்ந்துள்ளது. கிழக்காபிரிக்காவில் இது இரு கிளைகளாகச் செல்கின்றது. மேற்குக் கிளையிலே கிடக்கும் தங்கனீக்கா ஏரி ஏறத்தாழ 1470 மீற்றர் ஆழமுடையது. இரு கிளைகளுக்கும் இடைப்பட்ட அகன்ற தாழ்விலே தேங்கிய விற்றோரியா ஏரியோ, பரப்பிற் கண்டத்திலேயே பெரியதாயினும், நூறு மீற்றர் ஆழந்தானும் இல்லாதது. ஒன்று நிலம் பிளந்ததால் உண்டானது. மற்றது நிலம் வளைந்ததால் உண்டானது. 5895 மீற்றர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவும் பிளவோடு தொடர்புற்ற எரிமலையே.

மேட்டுநில அமைப்பினால் விளைந்த பயன் ஒன்று ஈண்டுக் கருதற்பாலது. ஆபிரிக்க நதிகள் பல கடலையடையுமுன் மேட்டின் விளிம்பிலிருந்து வீழ்கின்றன. கொங்கோ நதி உள்நாட்டிலே நெடுந்தூரம் கப்பற் போக்குவரத்துக்கு ஏற்றதாயினும், கின்சாசாவுக்கும் மட்டாடிக்கும் இடையே நீர்வீழ்ச்சிகளால் தடைப்படுகின்றது. 1898ஆம் ஆண்டிலே அவ்விடைவெளியைப் புகையிரதப் பாதை இணைத்தது. நைல் நதிக்கு அசுவானுக்கும் கார்ட்டூமுக்கும் இடையே ஆறு பாய்ச்சல்கள் உள. கடற்கரையும் குடாக்கள் குறைந்தது. ஐரோப்பா பரப்பில் ஆபிரிக்காவின் மூன்றிலொரு பங்கேயாயினும் அதன் கரையே நீளமானது. ஆதலின், பதினைந்தாம் நூற்றாண்டு முதல் ஆபிரிக்கக் கரைகளிலே கோட்டை கட்டி வாணிகஞ் செய்த ஐரோப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை உள்நாட்டைப் பெரும்பாலும் அறியாதிருந்தனர். 'இருண்ட கண்டம்' என்ற பெயர் அவர்தம் அறியாமையைக் குறித்ததேயன்றி, கண்டத்தின் இயல்பைக் குறித்ததன்று.

காலநிலை வலயங்கள்

மத்தியகோடு ஆபிரிக்காவின் நடுவே செல்கின்றது. வட முனை மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 37 பாகையிலும், தென் முனையாகிய அகுல்காசு முனை தெற்கே ஏறத்தாழ 35 பாகையிலும் உள்ளன. ஆகவே, கண்ணாடியிற் காணும் பிரதிபிம்பம் போல, நடுவிலிருந்து வடக்கேயும் தெற்கேயும் ஒரே ஒழுங்கில் வலயங்கள் அமைகின்றன. நடுவே கொங்கோ வடிநிலத்தின் மழைக்காடு, அதன் இருபுறமும் சவன்னாப் புல்வெளி, அப்பால் குறும்புல் நிலம், அதற்கப்பால் பாலைவனம், இரு முனைகளிலும் மாரிகாலத்தில் மழைபெறும் மத்தியதரைக் காலநிலை.

இவ்வொழுங்கு எங்கும் பிழையாதிருக்கின்றது எனல் பொருந்தாது. வடபாதி அகன்றது, தென்பாதி ஒடுங்கியது. ஆதலின் வடக்கே சகாரா ஏறத்தாழ 90 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்க, தெற்கே கலகாரியும் நமீபும் அளவிற் சிறுத்துள்ளன. கென்யாவின் மேட்டுநிலம் மத்தியகோட்டிலே கிடந்தும் அடர்காடாக இல்லை. உயரம் வெப்பத்தைக் குறைக்க, மழையும் கொங்கோ வடிநிலத்தைப்போற் பொழிவதில்லை.

மத்தியகோட்டின் இருமருங்கும் மழைக்காலம் மாறி மாறி வருதலும் நோக்கத்தக்கது. கொங்கோ நதி மத்தியகோட்டை இருமுறை கடக்கின்றது. அதன் கிளைநதிகள் இருபாதியிலிருந்தும் வருகின்றன. வடபாதியில் மழை ஓயும்போது தென்பாதி நீர் தருகின்றது. எனவே அந்நதி ஆண்டு முழுவதும் பெரிதும் வற்றாது பாய்கின்றது.

மேற்காபிரிக்காவில் வலயங்களின் ஒழுங்கு மிகத் தெளிவாகத் தெரியும். கினிக் குடாக் கரையிலிருந்து வடக்கே செல்லச் செல்ல மழை குறையும். காடு சவன்னாவாகும், சவன்னா, ஆண்டுக்கு 200 முதல் 600 மில்லிமீற்றர் மழைபெறும் சாகேல் வலயமாகும். சாகேல் என்னும் அரபுச் சொல்லின் பொருள் 'கரை' என்பதாம். சகாராவை ஒரு கடலாகவும், ஒட்டகங்களை அதன் மரக்கலங்களாகவும் கொண்டால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். காட்டு வலயத்துக் கோலாக் கொட்டையும் பொன்னும், சவன்னாவின் தானியமும், சாகேலின் கால்நடையும், பாலைவனத்தின் உப்பும் ஒன்றுக்கொன்று மாற்றப்பட்டன. நைகர் நதியின் வளைவை அண்டிய திம்புக்து இவ்வாணிகத்தால் வளர்ந்தது. 1352ஆம் ஆண்டிலே இபின் பத்தூத்தா சகாராவைக் கடந்து மாலிப் பேரரசை அடைந்த வழியும் வணிகர் வழியே. வலயங்கள் வேறுபட்டமையாலேயே மக்கள் ஒருவரையொருவர் நாடினர்.

வல்லரசுகள் வரைந்த கோடுகள்

1884ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1885ஆம் ஆண்டு பெப்ரவரி வரை பேர்லின் நகரிலே பதினான்கு அரசுகளின் பிரதிநிதிகள் கூடினர். ஆபிரிக்கர் ஒருவரேனும் அம்மாநாட்டில் இடம்பெறவில்லை. எல்லைகள் யாவும் அங்கேயே வரையப்பட்டன என்று கருதுவோர் உளர், அது சரியன்று. கரையோரங்களைப் புதிதாகக் கைப்பற்றுவதற்கான விதிகளே அங்கு வகுக்கப்பட்டன. எல்லைகளிற் பெரும்பாலானவை பின்னர் இரு அரசுகளுக்கிடையே செய்யப்பட்ட உடன்படிக்கைகளால் அமைந்தன. 1914ஆம் ஆண்டளவில் எதியோப்பியாவும் லைபீரியாவுமே அந்நியராட்சிக்கு உட்படாதிருந்தன.

கினிக் கரையில் வல்லரசுகள் தத்தம் கரையோரத் தளங்களிலிருந்து உள்நாடு நோக்கி முன்னேறின. எனவே எல்லைக்கோடுகள் கரையிலிருந்து வடக்கு நோக்கிச் சென்று, கிழக்கு மேற்காகக் கிடந்த வலயங்களை வெட்டின. கானா, நைஜீரியா ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் தெற்கே காடும் வடக்கே சவன்னாவும் அடங்கின. ஏற்றுமதிப் பயிர் விளைந்த தெற்கு முன்னேற, வடக்கு பின்தங்கியது. கரையோ துறைமுகமோ இன்றி மாலி, புர்கினா பாசோ, நைகர் ஆகிய நாடுகள் உள்நாட்டிலே அமைந்தன. காம்பியா நாடோ ஒரு நதியின் இருகரைகளிலும் நீண்டு கிடக்கும் ஒடுங்கிய கீற்று. பிரித்தானியாவும் பிரான்சும் 1889ஆம் ஆண்டிலே செய்த உடன்படிக்கையின் விளைவு அது. மூன்று பக்கமும் செனகல் அதனைச் சூழ்ந்துள்ளது.

மக்களினங்களும் இக்கோடுகளால் பிளவுபட்டன. மசாய் இடையர் கென்யாவிலும் தன்சானியாவிலும், இவே மக்கள் கானாவிலும் தோகோவிலும், சோமாலியர் சோமாலியா, எதியோப்பியா, கென்யா, சிபூத்தி ஆகியவற்றிலும் வாழ்கின்றனர். மழையைத் தொடர்ந்து மந்தைகளை ஓட்டிச் செல்லும் இடையருக்கு ஆண்டுதோறும் கடக்கவேண்டிய எல்லை ஒரு சிறிய இடர்ப்பாடன்று.

இக்காலப் பிரிவுகள்

இக்காலத்தில் ஆபிரிக்காவை வடக்கு, மேற்கு, மத்தி, கிழக்கு, தெற்கு என ஐந்து பிரதேசங்களாகப் பிரிப்பது வழக்கம். ஆயினும் பிரிப்போர் அனைவரும் ஒரே வகையாகப் பிரிப்பதில்லை. ஐக்கிய நாடுகள் அமைப்பின் புள்ளிவிவரப் பகுப்பிலே சூடான் வட ஆபிரிக்காவிலும், மௌரித்தானியா மேற்காபிரிக்காவிலும், சிம்பாப்வேயும் சாம்பியாவும் கிழக்காபிரிக்காவிலும் அடங்கும். ஆபிரிக்க ஒன்றியத்தின் பகுப்பிலே சூடான் கிழக்கிலும், மௌரித்தானியா வடக்கிலும், சிம்பாப்வேயும் சாம்பியாவும் தெற்கிலும் அடங்கும். இவற்றுள் எது சரி, எது பிழை என வினவுதல் பயனற்றது. முன்னையது கணக்கெடுப்பின் வசதிக்கு வகுத்தது. பின்னையது அங்கத்துவ நாடுகளின் அரசியற் கூட்டுறவுக்கு வகுத்தது. பிரதேசம் என்பது நோக்கத்துக்கேற்ப வகுக்கப்படுவதாகும். இதனை உணர்ந்த மாணவன் ஐந்து பெயர்களை மனனஞ் செய்வதோடு அமையான். இன்ன நோக்கத்துக்கு இன்ன பிரிவு என்று ஆராய்வான்.

எல்லைகள் குறைபாடுடையனவாயின், விடுதலைபெற்ற நாடுகள் அவற்றை மாற்றாததேன் என்ற வினா எழலாம். 1964ஆம் ஆண்டிலே கெய்ரோவில் கூடிய ஆபிரிக்க ஒற்றுமை நிறுவனம், விடுதலையின்போது இருந்த எல்லைகளையே மதிப்பதெனத் தீர்மானித்தது. ஒரு கோட்டைத் திருத்தத் தொடங்கின் எல்லாக் கோடுகளும் பூசலுக்கு இடமாகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சம் வீணானதன்று. சோமாலியர் வாழும் ஒகடன் பகுதிக்காகச் சோமாலியாவும் எதியோப்பியாவும் 1977, 1978ஆம் ஆண்டுகளிற் போரிட்டன. 1993ஆம் ஆண்டில் எரித்திரியாவும், 2011ஆம் ஆண்டில் தென்சூடானும் தனிநாடுகளாயினமைக்கு முன் நெடும் போர்கள் நிகழ்ந்தன.

கோடுகளை அழிக்கவியலாதெனின், அவற்றின் வன்மையைக் குறைப்பதே எஞ்சிய வழி. ஆபிரிக்காவிலே கடற்கரையற்ற நாடுகள் 16 உள. அவற்றின் பண்டங்கள் அயல்நாட்டின் துறைமுகத்தையே நாடவேண்டும். சாட் ஏரியை நான்கு நாடுகள் சூழ்ந்துள்ளன. 1960களின் பின் அவ்வேரி பெரிதும் சுருங்கியபோது அதன் துன்பம் எந்த எல்லையிலும் நின்றுவிடவில்லை. அந்நான்கு நாடுகளும் 1964ஆம் ஆண்டிலேயே ஏரி வடிநிலத்துக்கெனக் கூட்டு ஆணைக்குழுவொன்றை அமைத்திருந்தன. 2018ஆம் ஆண்டில் கிகாலி நகரிலே கைச்சாத்திடப்பட்ட ஆபிரிக்கக் கண்டச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி 2021ஆம் ஆண்டு சனவரியில் வர்த்தகம் தொடங்கிற்று. உப்பும் தானியமும் கால்நடையும் வலயந் தோறும் சென்ற பழைய வழக்கத்தை நோக்கின், இது முற்றிலும் புதியதோர் எண்ணமன்று.

ஆதலால் ஆபிரிக்காவைக் கற்பிப்போர் இரு படங்களை அருகருகே வைத்துக் கற்பித்தல் நன்று: ஒன்று மழைவீழ்ச்சிப் படம், மற்றது அரசியற் படம். முதலாவதிலே நிறங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல மாறும்; இரண்டாவதிலே சட்டென முடியும். நூற்றுநாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் இவ்விரு படங்களிலும் ஒருங்கே வாழ்கின்றனர்.