நீர்க்கட்டியின் தொழிலும் கிணற்றின் ஊற்றும்

திண்டுக்கல் சமவெளியின் பெரும்பகுதி குடகனாற்றின் வடிநிலமாகும். அவ்வாறு கீழ்ப்பழனி மலைகளில் தோன்றி, ஆத்தூரைக் கடந்து, வடக்கே சென்று அமராவதியிற் கலக்கின்றது. வருஷமெல்லாம் நீரோடும் ஆறன்று. நிலத்தடியிலுள்ளதோ கடும்பாறை. மழைநீர் அதன் விரிசல்களின் வழியே சிறிது சிறிதாகவே இறங்கும். ஆதலின், ஐப்பசி கார்த்திகை மழையைக் குளத்தில் தேக்கினாலன்றிக் கோடையில் தோட்டக் கிணறுகளில் ஊற்று நில்லாது.

குளத்து நீரைக் காத்துப் பங்கிடுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர் நீர்க்கட்டி ஆவர். மழைக்கு முன் வரத்துக்காலைச் செதுக்கித் திருத்துதல், அடைமழையில் இராமுழுதும் கரையைச் சுற்றி எலிவளையும் கசிவும் பார்த்தல், மடையை அளவறிந்து திறந்து அடைத்தல், நீர் குறைந்த காலத்தில் கடைமடை வயலுக்கும் முறைவைத்துப் பாய்ச்சுதல் ஆகியவை இவர் கடமைகள். பல ஊர்களில் இவருக்கு ஆயக்கட்டில் நிலம் இராது. ஆகவே ஓரவஞ்சனைக்கும் இடமில்லை. அறுவடையில் களத்து நெல்லே இவருக்குக் கூலி.

இத்தொழிலின் மதிப்பைக் கணக்கிட்டறியலாம். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குளத்தில் ஓரங்குல நீர் என்பது ஏறக்குறைய 1 கோடி லிட்டராகும். பழுதான மடையின் வழியே ஓரங்குலம் வீணே வடியுமாயின் இழப்பு அவ்வளவு.

மின்சார இறைவை பரவியபின், சொந்தக் கிணறுடையோர் பலர், "குளத்து நீர் நமக்கெதற்கு?" என்று நீர்க்கட்டிக்கு நெல் அளப்பதை நிறுத்தினர். கூலியற்ற நீர்க்கட்டி வேறு வேலை தேடினார். வரத்துக்கால் தூர்ந்தது, குளத்துள் சீமைக்கருவேல் மண்டியது. பின்னர் அக்கிணறுகளே வறண்டன. குளத்தின் நீரே தம் கிணற்றில் ஊறிற்றென்பதை அவர்கள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

கரை உடையும் அபாயத்தில் ஊரார் கூடி உழைத்தற்கும், வழக்கமான குடிமராமத்திற்கும் சென்னை மாகாணத்தில் 1858-ம் வருஷத்திலேயே சட்டம் செய்யப்பட்டது. தமிழ்நாட்டு அரசினரும் 2017-ம் வருஷத்தில் குடிமராமத்தை மீண்டும் தொடங்கினர். ஆயினும், ஒருமுறை தூர்வாருதல் வேறு, நாடோறும் காத்தல் வேறு.

ஆகவே கிராம அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் ஆவணி மாதத்திலேயே ஊர்க்கூட்டம் கூட்டி, நீர்க்கட்டி ஒருவரை ஏற்படுத்துவாராக. வயலுடையோரே அன்றிக் கிணறுடையோரும் ஏக்கர் விகிதப்படி அவர் கூலியில் பங்கேற்றல் வேண்டும். அக்கூலி தருமமன்று, தத்தம் கிணற்று ஊற்றிற்குச் செலுத்தும் விலையேயாம்.