காட்டுக்குத் தீ வைப்பது ட்ரோனா? சிவப்புப் புள்ளி மேப்பைப் படிப்பது எப்படி

கோடை தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் ஒரு வகை வீடியோ சுற்றத் தொடங்கும். காட்டின் மேல் ஒரு ட்ரோனோ ஹெலிகாப்டரோ பறக்கிறது. அதிலிருந்து ஏதோ விழுகிறது. விழுந்த இடத்தில் தீ பற்றுகிறது. "காட்டுக்குத் தீ வைப்பது யார் என்று இப்போது தெரிகிறதா?" என்று கீழே ஒரு வரி. கூடவே சிவப்புப் புள்ளிகள் நிறைந்த சாட்டிலைட் மேப் ஒன்று. ஒரே நேரத்தில் இத்தனை இடத்தில், அதுவும் வரிசையாகத் தானே தீப்பற்றுமா என்று கேள்வி. பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். ஏனெனில் வீடியோவும் பெரும்பாலும் உண்மையானது, மேப்பும் உண்மையானது. அவை எதைக் காட்டுகின்றன என்பதில்தான் குழப்பம். அதை நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சரி பார்த்துவிடலாம்.

முதலில் வீடியோ. வானிலிருந்து காட்டுக்குத் தீ வைக்கும் முறை 1960-களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. கோடைக்கு முன்பே சருகை அளவாக எரித்துவிட்டால், பின்னர் பெருந்தீ வரும்போது அதற்கு இரை இருக்காது. முதுமலை போன்ற இடங்களில் நம் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்து எரிக்கிறார்களே, அதே யோசனைதான். நம்மவர்கள் தரையில் நின்று கையால் செய்வதை அங்கே விமானத்திலிருந்து செய்கிறார்கள். பிங்பாங் பந்து போன்ற பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இருக்கும். கீழே விடுவதற்கு முன் இயந்திரம் அதனுள் கிளைக்கால் திரவத்தை ஊசியால் செலுத்தும். சில விநாடிகள் கழித்து உருண்டை பற்றிக்கொள்ளும். இந்த இயந்திரத்தை ட்ரோனில் பொருத்தும் வேலையை அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக் கழகத்தினர் செய்தார்கள். "இக்னிஸ்" என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்துவிட்டது. பரவி வரும் தீயின் எதிரே வேண்டுமென்றே எரித்து அதை நிறுத்தவும் இது பயன்படுகிறது. 2023-ல் கனடா எரிந்தபோது, தீயணைப்புத் துறை செய்த இத்தகைய வேலையின் வீடியோக்களே "அரசே தீ வைக்கிறது" என்ற தலைப்புடன் உலகம் சுற்றின.

அப்படியானால் ட்ரோனால் காட்டுத் தீயே வராதா? வரும், வந்திருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு ட்ரோன் காய்ந்த புல்லில் விழுந்து தீப்பிடித்ததில் சுமார் 335 ஏக்கர் எரிந்தது. லித்தியம் பேட்டரி அடிபட்டால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சதியைவிட இதைத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும் என்பது என் கருத்து.

இனி மேப். இணையத் தேடலில் "நாசா ஃபிர்ம்ஸ்" என்று கொடுத்தால் இந்தத் தளம் கிடைக்கும். கட்டணம் எதுவும் இல்லை. ஃபயர் மேப் பகுதியைத் திறந்து, மவுஸ் வீலைச் சுழற்றித் திருச்சியைப் பெரிதாக்குங்கள். கடந்த 24 மணி நேரம், 7 நாட்கள் என்று தேர்ந்தெடுக்கலாம். பழைய தேதிகளையும் கொடுக்கலாம். ஒரு புள்ளியில் கிளிக் செய்திட்டால், எந்தச் சாட்டிலைட் எந்த நேரத்தில் பார்த்தது என்ற விவரம் கிடைக்கும். நேரம் கிரீன்விச் கணக்கில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளவும்.

இங்கே முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, சாட்டிலைட் நம் ஊரின் மேல் நிலையாக நின்று பார்ப்பதில்லை என்பது. வியர்ஸ் என்ற கருவியைச் சுமக்கும் சாட்டிலைட்டுகள் பகல் ஒன்றரை மணியையும் இரவு ஒன்றரை மணியையும் ஒட்டித்தான் கடந்து செல்கின்றன. காலை 10 மணிக்கு ஓர் இடத்தில் பற்றிய தீ, பகல் ஒன்றரைக்குள் மலைச்சரிவு முழுக்கப் பரவியிருக்கும். மேப்பில் அது 30 புள்ளிகளாக ஒரே நேரம் குறிக்கப்பட்டு வரும். "ஒரே நேரத்தில் 30 இடத்தில் தீ" என்பதன் ரகசியம் இதுதான். வரிசையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கருவி தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. புள்ளி வைக்கப்படுவது கட்டத்தின் நடுவில். தீ கட்டத்தின் எந்த மூலையிலும் இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் சூடாக இருந்தால் கோலப் புள்ளி போல வரிசை கட்டத்தானே செய்யும்?

இன்னொன்று. புள்ளி என்றால் வெப்பம், அவ்வளவுதான். துறையூருக்கு அப்பால் பச்சைமலையில் ஒரு புள்ளி தெரிந்தால் அது காட்டுத் தீயாக இருக்க வாய்ப்பு அதிகம். லால்குடிப் பக்கம் வயல்வெளியில் தெரிந்தால், கரும்பு வெட்டிய பின் சோகை கொளுத்தியதாக இருக்கலாம். அரியமங்கலம் குப்பைக் கிடங்கு எரிந்தால் அதுவும் புள்ளிதான். சாட்டிலைட் வ்யூவில் அடியில் இருப்பது காடா, வயலா, கிடங்கா என்று பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் டிரெக்கிங் சென்றவர்களைத் தீ சூழ்ந்து 23 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தேதியைக் கொடுத்து போடிநாயக்கனூருக்கு மேற்கே பார்க்கலாம். ஆனால் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது யார் மீதும் குற்றம் சாட்டாது. சாட்டிலைட் வந்து போன பிறகு எழும் தீ அடுத்த சுற்று வரை தெரியாது. மேகமும் புகையும் கூட மறைக்கும்.

2023 ஜூன் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக்கில் பல இடங்களில் ஒருசேரப் புகை எழுந்த சாட்டிலைட் வீடியோவைச் சதிக்கு ஆதாரமாகப் பலர் பகிர்ந்தார்கள். அங்கே காரணம் மின்னல். ஒரே இடிமழை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பொறி வைத்துவிட்டுப் போகும். கனன்று கிடப்பவை காற்று வீசியதும் சேர்ந்து எழும். கலிபோர்னியாவில் 2018 நவம்பரில் 85 பேரைக் கொன்ற தீக்கு லேசர் ஆயுதமே காரணம் என்றார்கள். விசாரணையில் தெரிந்தது, பழைய மின் கோபுரத்தில் தேய்ந்து அறுந்த ஒரு கொக்கி. ஸ்ரீரங்கம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2004 ஜனவரி 23-ல் திருமண மண்டபத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததற்குக் காரணம், வீடியோ எடுக்க இழுத்த மின் இணைப்பிலிருந்து கீற்றுப் பந்தலில் விழுந்த பொறி.

தீ தொடங்கிய இடத்தைத் தரையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். புல் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கல்லின் எந்த முகம் கருகியிருக்கிறது என்று பார்த்துப் பின்னோக்கி நடப்பார்கள். வானிலிருந்து உருண்டை போட்டிருந்தால், பற்றாமல் போன ஒன்றிரண்டு கிடைக்கக் கூடும். ட்ரோன் விழுந்திருந்தால் உடைந்த பாகங்கள் கிடக்கும். மெமரி தப்பியிருந்தால் பறந்த பாதையும் நேரமும் அதில் இருக்கும்.

ட்ரோன் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, சிவப்பு மண்டலமாக அறிவிக்கப்படாத இடங்களில், 200 அடி உயரம் வரைதான் பச்சை மண்டலம். திருச்சி விமான நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் கோயில் நேர்க்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர். ராஜகோபுரமோ 236 அடி! கோபுர உச்சியைப் படம் பிடிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் மேப்பைப் பார்த்து, தேவையான அனுமதியைப் பெற்றுக்கொள்ளவும்.

மலையடிவாரத்தில் வீடோ தோட்டமோ இருப்பவர்கள் தினமும் மேப்பைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் சாட்டிலைட் வழியாகத் தீயைக் கண்காணித்து வருகிறது. அதன் தளத்தில் மொபைல் எண்ணைப் பதிவு செய்து எஸ்.எம்.எஸ். எச்சரிக்கை பெறலாம். ஃபிர்ம்ஸ் தளத்திலும் உங்களுக்கு வேண்டிய பகுதியைக் குறித்து, இமெயில் முகவரியைக் கொடுத்தால் புள்ளி விழும்போது தகவல் வரும்.