ஈரம் போனால்தான் ஆயுள்: டிஜிட்டல் குறிப்புகள் கெடாமல் இருப்பது எப்படி?

பங்குனி, சித்திரை வெயிலில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களின் மொட்டை மாடிகளில் கொத்தவரங்காயும் மோர் மிளகாயும் காயும். பிறகு ஜாடிக்குப் போகும். மழைக்காலத்தில் காய் கிடைக்காத நாளில் அந்த வத்தல்தான் குழம்புக்குக் கைகொடுக்கும். பூஞ்சை வளர நீர் வேண்டும். உப்பும் வெயிலும் அந்த நீரை எடுத்துவிடுவதால்தான் வத்தலுக்கு ஆயுள் கூடுகிறது.

அந்தக் கிராமங்களில் ஒரு விவசாயக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஏரி மதகு திறந்த தேதி, எந்த நெல் எத்தனை மூட்டை கண்டது, ஆத்தா சொன்ன கைவைத்தியம், நிலத்தின் சர்வே எண் எல்லாம் கைப்பேசியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அவற்றைப் படிக்க முடிய வேண்டும். வத்தல் போடுவதைப் போலவே அதற்கான வேலையும் நான்கு படிகளில் நடக்கிறது.

1. ஈரத்தை எடுப்பது

குறிப்பில் ஈரம் என்பது, அதைத் திறப்பதற்கு வேறொன்றை நம்பியிருக்கும் நிலை. ஒரு செயலி இருந்தால்தான் திறக்கும், ஓர் எழுத்துரு இருந்தால்தான் தெரியும் என்றால் அந்தக் குறிப்பில் ஈரம் இருக்கிறது. தமிழர்கள் இதை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’கூட ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும்.

யூனிகோடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் நிலையான எண் உண்டு. ‘க’வின் எண் 2965. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது அந்தத் தரத்தின் விதி. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றது. ஆகவே குறிப்பை யூனிகோடில், அலங்காரம் இல்லாத வெறும் உரைக் கோப்பாக வையுங்கள். எந்தச் செயலியில் எழுதினாலும் மாதம் ஒருமுறை உரைக் கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். பழைய பாமினிக் கோப்புகள் இருந்தால், அவற்றைப் படிக்கத் தெரிந்த கணினி கையில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

2. ஜாடிக்குப் பெயர் எழுதுவது

சுண்டக்காய் வத்தலா, மணத்தக்காளி வத்தலா, எந்த வருஷத்தது என்று ஜாடியிலேயே தெரிய வேண்டும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: ‘2024-11-18-ஏரி-மதகு’. கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும்.

உள்ளே எழுதுவதற்கு உத்திரமேரூரே பாடம் சொல்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துச் சபைத் தீர்மானங்கள் இரண்டு இருக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையில் வாரியங்களுக்கு, அதாவது ஊர்க் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவை. முதலாவது கி.பி. 919ஐச் சேர்ந்தது. 921இல் விதிகளைத் திருத்தி விரித்தார்கள்: 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), வயது 35க்கு மேல் 70க்குள், ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சபை, யார் எழுதியது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. அதனால்தான் 1,100 ஆண்டு கழித்தும், வேறு யாரும் விளக்காமலே, அது எந்த ஊரின் எந்த நாளின் பேச்சு என்று நமக்குத் தெரிகிறது.

‘அவரிடம் கொடுத்தாச்சு’ என்று நீங்கள் எழுதினால் பத்து வருஷத்தில் உங்களுக்கே புரியாது. யார், எங்கே, எப்போது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். திருத்தும்போது பழையதை அழிக்காதீர்கள். புதிய தீர்மானம் வந்த பிறகும் 919ஆம் ஆண்டுத் தீர்மானம் அந்தச் சுவரில் நிற்பதால்தான் விதி எப்படி வளர்ந்தது என்று நம்மால் படிக்க முடிகிறது.

எல்லாவற்றையும் காயவைக்கவும் வேண்டாம். குடத்தில் இட்ட ஓலைகள் கல்லில் ஏறவில்லை, தீர்மானம் ஏறியது. காய்கறிப் பட்டியலை விட்டுவிடலாம். நிலம், நீர், உடம்பு, உறவு சார்ந்தவை நிற்கட்டும்.

3. மூன்று ஜாடிகளில் பிரிப்பது

ஒரே ஜாடியில் ஈரக்கரண்டி பட்டால் வருஷத்து வத்தலும் போச்சு. காப்பகர்கள் பின்பற்றும் கணக்கு எளிது: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றில் 1 வேறு ஊரில். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, செங்கல்பட்டிலோ சென்னையிலோ இருக்கும் மகள் வீட்டில் ஒன்று. ஏரிக்கரை ஊரில் வெள்ளம் வந்தாலும் மூன்றாவது தப்பிக்கும்.

பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம். அதில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது. பல வருஷம் சும்மா கிடந்தால் அது கசியும். இணையச் சேமிப்பகத்துடன் கைப்பேசி தானாக ஒத்திசைவதும் தனிப் பிரதி ஆகாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். சேவையே மூடப்படுவதும் உண்டு: யாஹூ குழுமங்களில் சேர்ந்திருந்த பதிவுகள் 2019 இறுதியில் நீக்கப்பட்டன.

4. வெயில் காட்டுவது

ஜாடி வாயில் வேடு கட்டியிருந்தாலும் அவ்வப்போது அவிழ்த்து, முகர்ந்து, மறுபடி ஒரு வெயில் காட்டுவது வீட்டு வழக்கம். கோப்புகளுக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஷா-256 என்ற கணக்கீடு ஒவ்வொரு கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட அடையாளம் தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். போன வருஷத்து அடையாளத்தோடு இந்த வருஷத்ததை ஒப்பிட்டால், எந்தப் பிரதி கெட்டது என்று தெரிந்துவிடும்; நல்ல பிரதியிலிருந்து அதை மீட்டுவிடலாம். ஐந்தாறு வருஷமான ஹார்ட் டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றுவதையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

அந்த நாளில் கட்டாயம் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை உண்டு. வீட்டில் வேறொருவரிடம் மூன்றாவது பிரதியைக் கொடுத்து, நீங்கள் உதவாமல், அவருடைய கருவியில் ஒரு பழைய குறிப்பைத் தேடி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல் தெரியாமல் அவர் நின்றால், அது வீட்டில் எங்கே எழுதி இருக்கிறது என்று அன்றே சொல்லிவிடுங்கள். அவர் தடையில்லாமல் படித்துவிட்டால், நீங்கள் இல்லாத காலத்துக்கும் அந்தக் குறிப்புகள் தயார்.