உணவுப் பொட்டலத்தில் ஒரு பிஸ்டல்

உங்கள் சைக்கிளில் ஒரு நட்டு தொலைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைக்கு ஓடி, அதே அளவில் வேறொன்று வாங்கி முடுக்கிவிடுவீர்கள். பழையதும் புதியதும் எங்கெங்கோ செய்யப்பட்டவை. இருந்தும் பொருந்துகின்றன! இந்தச் சாதாரண விஷயத்தில் ஒரு போர்க் கதை ஒளிந்திருக்கிறது.

அமெரிக்கரான ஜான் பிரௌனிங் அமைத்த கோல்ட் பிஸ்டலை அந்நாட்டு ராணுவம் 1911இல் ஏற்றுக்கொண்டது. குண்டு முன்னே பாயும்போது எதிர்விசை பின்னே தள்ளுகிறது அல்லவா? அந்த விசையே வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்துவிடும். பிறகு சுருள்வில் விரிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே செலுத்தும்.

நார்வே உரிமம் பெற்று, காங்ஸ்பெர்க் நகரிலிருந்த அரசு ஆயுதச் சாலையில் இதைச் செய்தது. 1914ஆம் ஆண்டு மாதிரியில் கண்ணில் படும் மாற்றம் ஒன்றுதான். பக்கவாட்டிலுள்ள சிறு நெம்புகோலைக் கட்டைவிரலுக்கு எட்டும்படி கீழே நீட்டினார்கள்.

அர்ஜென்டினா இரண்டு வழியிலும் நடந்தது. உரிமம் பெற்றுச் செய்த 1927 மாதிரியின் பாகங்கள் அமெரிக்கப் பிஸ்டலுக்கும் பொருந்தும். 1938 முதல் வந்த பாயெஸ்டர்-மொலினாவோ தோற்றத்தில் இரட்டைப் பிள்ளை. குழலும் தோட்டா உறையும் மாற்றிப் போடலாம், விசை அமைப்போ வேறு.

முற்காலத்தில் கொல்லர் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி, அந்தந்தத் துப்பாக்கிக்கே பொருத்துவார். ஆலை முறையில் அப்படியில்லை. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று வரம்பு வகுத்து, அளவுமானியால் சோதிப்பார்கள். எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் உட்காரும்.

இனிக் கதைக்கு வருவோம். 1940இல் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியது. காங்ஸ்பெர்க் ஆலை ஜெர்மானியருக்காக ஓடவேண்டியதாயிற்று. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள முழுப் பிஸ்டலைக் காவலர் கண்ணெதிரே கொண்டுபோக முடியுமா? ஆனால் ஒரு வில்லையோ திருகையோ மறைக்கலாம். தொழிலாளர்கள் பாகம் பாகமாக உணவுப் பொட்டலத்தில் கடத்தினார்கள். அவை வெளியே ஒன்று சேர்க்கப்பட்டு விடுதலைப் போராளிகளின் கைக்குப் போயின. ஒவ்வொன்றையும் ராவித்தான் பொருத்தவேண்டும் என்றிருந்தால், வீட்டுக்குள் ஒரு பட்டறையே வேண்டியிருக்கும். அரத்தின் சத்தம் தெருவெல்லாம் கேட்டிருக்கும்!

அந்தப் பிஸ்டலுக்கு நார்வே மக்கள் வைத்த பெயர் 'மாட்பக்கே கோல்ட்'. மாட்பக்கே என்றால் நம் கட்டுச்சோறு மாதிரி. அங்கே தாளில் சுற்றிய ரொட்டித் துண்டுகள்.