கண்டிச் சீமையின் வாசற்படி

குற்றாலத்து அருவிகளில் நீர் ஆரவாரித்து வீழ்ந்துகொண்டிருக்கையிலேயே, கிழக்கே சிறிது தூரத்தில் குளம் வறண்டு மானாவாரிப் பயிர் கருகிப்போவது தென்காசி வட்டாரத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட காட்சி. அத்தகைய பஞ்ச காலங்களில் ஆள்திரட்டும் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு இலங்கையின் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டுப் போன ஏழைகள் பழைய திருநெல்வேலி ஜில்லாவில் அநேகர்.

ஆதியில் அவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழியே கால்நடையாகச் சென்றார்கள். காலராவும் அம்மையும் பட்டினியும் அவ்வழி நெடுகிலும் கொண்டுபோன உயிர்கள் கொஞ்சநஞ்சமல்ல. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றவே, இலங்கை அரசாங்கம் பீதியடைந்து, தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் கூலியாட்களைத் தடுத்து வைக்கும் முகாம் ஒன்றை நடத்தலாயிற்று. 1903இல் ரயில் எட்டிப் பார்த்த தென்காசியிலிருந்து திருநெல்வேலி, மணியாச்சி வழியாக அம்முகாமை அடைவது எளிது. பின்னர் 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் ஏற்பட்டு, சில ஆண்டுகளில் இந்தக் காரியம் முழுவதும் இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள மண்டபத்துக்கு மாறிற்று.

நோய்த்தடுப்பு முகாம் என்றால் வந்திறங்கும் தேசத்துத் துறைமுகத்தில் இருப்பதே உலக வழக்கம். நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் அப்படித்தான். மண்டபத்திலோ, இந்திய மண்ணில், இலங்கை அரசாங்கத்தின் வைத்தியர்களும் உத்தியோகஸ்தர்களும் அதிகாரம் செலுத்தினார்கள். கடலைத் தாண்டுவதற்கு முன்பே, சொந்த நாட்டுக் கரையிலேயே, அந்த ஏழைகள் அந்நிய அரசாங்கமொன்றின் ஆளுகைக்குள் புகுந்துவிட்டார்கள். ஐந்தாறு நாட்கள் அடைப்பு, துணிமணிகளுக்குக் கிருமி நீக்கம், அம்மைக்குத் தடுப்பூசி, பிற்காலத்தில் கொக்கிப்புழுவுக்கு மருந்து. எந்தத் தோட்டத்துக்குச் சேரவேண்டிய ஆள் என்பதைக் காட்டும் எண் பொறித்த தகர வில்லை ஒன்று அவர்களிடம் இருக்கும். வழிச்செலவு யார் கணக்கில் சேரவேண்டும் என்பதும் அதைக்கொண்டே தீர்மானிக்கப்பட்டது. மனிதனுக்குப் பெயர் இருக்க, எண்ணைக்கொண்டு அவனை இனங்காணும் அந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பொறுப்பதில்லை.

முகாமினால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நியாயமாகாது. காட்டுவழியில் அநாதையாக மடிந்தவர்களோடு ஒப்பிடுகையில், வைத்தியரின் பார்வையில் சில நாள் உண்டு உறங்கிப் போனவர்கள் பாக்கியவான்களே. ஆயினும் உயர்வகுப்புப் பிரயாணிகளுக்கு இவ்வளவு கெடுபிடி இருந்ததில்லை. வியாதி வகுப்பு பார்த்து வருவதில்லை. முகாம் விதிகளே வகுப்பு பார்த்தன.

1939 ஆகஸ்டில் இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. 1964இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகி, தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கானோர் தாயகம் திரும்ப விதிக்கப்பட்டபோது, அவர்களில் எத்தனையோ குடும்பங்களை முதலில் ஏற்றதும் மண்டபமே. பாட்டனாரைப் பரிசோதித்து அனுப்பிய ஊரிலேயே பேரப்பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகோ போருக்கு அஞ்சிப் படகேறி வந்த ஈழத்தமிழர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். ‘மண்டபம் கேம்ப்’ என்பதே அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. இந்தியப் பிரஜாவுரிமைக்காக இன்னும் காத்திருக்கும் அகதிக் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன.