ஒரு மாலையின் தீர்ப்பு

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலே, புனித மிக்கேல் கல்லூரியின் பெயரோடு கூடைப்பந்தாட்டம் பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ளது. 1891ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்சிமித் என்னும் ஆசிரியர், பழக்கூடைகளை மாட்டித் தொடக்கிய ஆட்டம் இது. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் இதனை இங்குள்ள மாணவரிடையே வளர்த்தனர். அவர்களுள் ஒருவர் யூஜின் ஹேபியர் அடிகளார். அவர் லூசியானா மாநிலத்தவர்.

அவர்களுடைய தாய்நாட்டிலே கல்லூரிகள் இவ்வாட்டத்தை ஆடும் முறை யாது? பல கல்லூரிகள் ஒரு கூட்டமைப்பாக இணைகின்றன. குளிர்காலம் முழுவதும் அவை தம்முள் மாறி மாறி ஆடும். வெற்றிகளின் எண்ணிக்கைப்படி வரிசை அமையும். பின்னர், மார்ச் மாதமளவில் அணிகள் பெரும்பாலும் ஓரிடத்தில் கூடி விலகல் முறையில் மோதும். ஒருமுறை தோற்றவர் வீடு திரும்பவேண்டியதே. இறுதியில் வென்றவருக்கே கூட்டமைப்பின் சார்பில் தேசியச் சுற்றுப்போட்டிக்குச் செல்லும் உரிமை உண்டு. பருவம் முழுவதும் முதலிடத்தில் நின்ற அணி ஒரே மாலையில் வீழலாம். கடையிடத்து அணி சில நாள்களில் எழலாம்.

இது நீதியாகுமா? 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் அத்லாந்திக் கரையோரக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் எதிர்த்தன. மேலதிக நேரத்தின் பின்னர் 103க்கு 100 என்ற கணக்கில் மேரிலாந்து தோற்றது. நாட்டின் தரவரிசையில் நான்காவதாக விளங்கிய அணி அது. ஆயினும், ஒரு கூட்டமைப்பிலிருந்து ஓரணியே செல்லலாம் என்ற அன்றைய விதியால் அதற்கு வாயில் அடைபட்டது. வென்ற அணியோ அவ்வாண்டே தேசியச் சம்பியனாயிற்று. மறு ஆண்டில் தேசியப் போட்டி 32 அணிகளுக்கு விரிந்தது. தோற்ற அணிகளுட் சிறந்தனவும் அழைக்கப்பட்டன. குறை கண்டவிடத்து விதி திருத்தப்பட்டது; விலகல் முறை நிலைத்தது. நீண்ட பருவம் அணியின் உறுதியைக் காட்டும். இறுதி மாலை அதன் நிதானத்தைக் காட்டும். இரண்டும் வேண்டப்படுவனவே.

அன்றிரவு தோற்ற அணியின் பயிற்றுநர் லெஃப்டி டிரீசெல், வென்றவர்களின் பேருந்தில் ஏறி அவர்களை வாழ்த்தினார். பள்ளி மைதானத்தில் மாணவன் கற்கவேண்டிய பாடமும் இதுவே.

மட்டக்களப்பில் அத்தகைய பாடத்தைக் கற்பித்தவர்களுள் ஒருவராகிய ஹேபியர் அடிகளார், போர்க்காலமாகிய 1990ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள், வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞரோடு காணாமற்போனார். அவர் வீடு திரும்பவில்லை. அவர் பயிற்றிய ஆட்டம் மட்டும் வாவிக்கரையில் இன்றும் தொடர்கின்றது.